கடலும் காலமும் – 14: விண்ணிலிருந்து அளந்த கடல்மேனி

சென்ற இதழில், பாய்மரக் கப்பல்களின் தலைவர்கள் தம் நாட்குறிப்புகளிலே வரிசையாக எழுதிவைத்த காற்றின் திசையும், நீரின் உஷ்ணமும், அலைகளின் உயரமும் எவ்வாறு கடற்சாஸ்திரத்திற்கு முதல் அஸ்திவாரமாயின என்பதைக் கண்டோம். கப்பல் சென்ற வழியை விட்டால் கடலைப் பற்றி மனிதனுக்கு வேறு அறிவே இல்லாதிருந்த அந்த நிலைமை, செயற்கைக்கோள்கள் ஆகாயத்தில் ஏறிய நாள் தொடங்கிப் படிப்படியாக மாறிய வரலாற்றை இந்த இதழில் சொல்லவேண்டும். அதைச் சென்னையிலிருந்தோ நாகப்பட்டினத்திலிருந்தோ தொடங்காமல், கடற்கரை என்பது ஓர் அடிகூட இல்லாத திருவண்ணாமலையிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. கடலின் மேற்பரப்பில் நேரும் மாறுதல்கள் கரையில் வாழ்கிறவனுக்கும் கட்டுமரம் ஏறுகிறவனுக்கும் மாத்திரமே உரிய விஷயம் என்று எண்ணுகிறவர்கள் நம்மிடையே இன்னும் மிகுதி. அந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதை அண்ணாமலையின் அடிவாரத்து ஜனங்கள் 2024-ஆம் ஆண்டின் இறுதியில் மிகுந்த துக்கத்தோடு அறிந்தார்கள்.

மலைக்கு வந்த கடல்

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்வது. அந்த மழையின் பெரும்பகுதி வங்கக்கடலிலே உண்டாகும் தாழ்வழுத்தங்களையும் புயல்களையும் நம்பியிருப்பது. அவ்வாறு உண்டான ஃபெங்கல் என்னும் புயல், 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கரையேறிய புயல்கள் விரைந்து உள்நாட்டுக்குள் சென்று வலுவிழந்து போவதே பெரும்பாலும் வழக்கமாயிருக்க, இதுவோ பல மணி நேரம் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நின்றுகொண்டு, கடலின் ஈரத்தை ஓயாமல் இழுத்து நிலத்தின்மீது பொழிந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேலாக மழை பதிவாயிற்று. மறுநாள், டிசம்பர் 1 அன்று, திருவண்ணாமலையில் இடைவிடாது பெய்த மழையிலே மலைச்சரிவின் மண் நெகிழ்ந்து, பாறையும் சேறுமாக வ.உ.சி. நகரின் வீடுகள்மீது விழுந்தது. ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் அதில் மாண்டனர். அதே மாவட்டத்தைச் சேர்ந்த சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் அதிகமான நீர் திறந்துவிடப்பட, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் கரையோர ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கின.

அந்த ஆண்டு கார்த்திகை தீபம் டிசம்பர் 13-ஆம் தேதி வந்தது. நிலவியல் நிபுணர்கள் மலையின் நிலைமையைப் பரிசோதித்தபின், பொதுமக்கள் மலையேறுவதற்கு அனுமதி மறுக்கப்பட்டது. கொப்பரையையும் நெய்யையும் திரியையும் மேலே கொண்டுசென்று 2,668 அடி உயரத்துச் சிகரத்தில் மகாதீபத்தை ஏற்றும் பரம்பரை உரிமை பெற்ற பர்வதராஜகுலத்தார் மாத்திரம், உரிய பாதுகாப்புடன் சென்று தங்கள் கடமையைச் செய்தனர். அந்தக் குலத்தார் பூர்வத்தில் மீன்பிடித் தொழிலை உடையவர்கள் என்பது, கடலுக்கும் நீர்நிலைக்கும் வெகு தூரத்தில் நிற்பதாகத் தோன்றும் இத்தலத்தின் வழக்கத்தில் பலரும் கவனியாத ஒரு விசேஷம்.

புதுச்சேரிக் கரைக்கும் திருவண்ணாமலைக்கும் இடையே சுமார் நூறு கிலோமீட்டர் உண்டு. இந்த நூறு கிலோமீட்டரையும் கடந்து ஒரு மலையைக் கரைத்த ஈரம், சில நாட்களுக்கு முன்பு தென்மேற்கு வங்கக்கடலின் மேற்பரப்பிலிருந்து ஆவியாக எழுந்ததே அல்லாமல் வேறில்லை. அப்படியானால் அந்த மேற்பரப்பின் உஷ்ணம் என்ன, அதன்மீது வீசிய காற்றின் வேகம் என்ன, அதன் மட்டம் எவ்வளவு உயர்ந்திருந்தது என்பவற்றை மனிதன் எவ்வாறு அறிய முயன்றான் என்பதே நம் கதை.

நர்குண்டா கப்பலிலே ஒரு கேள்வி

இக்கதையின் முதல் ஏட்டைத் திறந்தவர் ஒரு தமிழர். 1921-ஆம் ஆண்டு, ஆக்ஸ்போர்டில் நடந்த பல்கலைக்கழகங்களின் மாநாட்டிற்குச் சென்று, நர்குண்டா என்ற கப்பலில் தாய்நாடு திரும்பிக்கொண்டிருந்த சி.வி. இராமன், மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலத்தைக் கண்டு அதிசயித்தார். கடலின் நீலம் என்பது வானத்தின் நீலம் நீரிலே பிரதிபலிப்பதால் தோன்றுவது என்று ராலே பிரபு சொல்லியிருந்த அபிப்பிராயமே அன்று அறிஞர்களிடையே வழங்கிவந்தது. இராமனோ, தம்மிடமிருந்த ஒரு நிக்கோல் பட்டகத்தைக் கண்ணில் வைத்து, நீர்ப்பரப்பிலிருந்து பிரதிபலித்து வரும் ஒளியை விலக்கிவிட்டுப் பார்த்தார். நீலம் குறையவில்லை, மாறாக அதிகத் தெளிவு பெற்றது. நீரின் மூலக்கூறுகளே சூரிய ஒளியைச் சிதறடித்து அந்த வர்ணத்தை உண்டாக்குகின்றன என்று முடிவு கட்டி, கப்பல் பம்பாய்த் துறைமுகத்தை அடைந்ததும், செப்டம்பர் 26-ஆம் தேதியிட்டு நேச்சர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அந்த ஆராய்ச்சியின் கிளையே ஏழாண்டுகளுக்குப் பின் இராமன் விளைவாகவும், 1930-இல் நோபல் பரிசாகவும் பழுத்தது என்பதை யாவரும் அறிவர்.

ஆனால் கடல் ஆராய்ச்சிக்கு அதனால் கிடைத்த லாபத்தைப் பற்றி அவ்வளவாகப் பேசுவாரில்லை. கடலிலிருந்து மேலெழுந்து வரும் ஒளியில், பரப்பிலே பட்டுத் திரும்பியது எது, நீருக்குள் புகுந்து அங்குள்ள பொருள்களின் செய்தியைச் சுமந்து வருவது எது என்று பிரித்தறியவேண்டும் என்ற மூலக்கொள்கை அந்தப் பட்டகத்தில் அடங்கியிருந்தது. தூய நீர் நீலத்தைச் சிதறடிக்கும். நீரிலே மிதக்கும் நுண்ணிய தாவர உயிர்களின் பச்சையம் நீலத்தை விழுங்கிவிடும். எனவே எந்த இடத்தில் நீலம் குறைந்து பச்சை மிகுகிறதோ, அந்த இடத்தில் உயிர்ச்சத்து மிகுந்திருக்கிறது என்று கொள்ளலாம். இக்காலத்தில் கடலின் வர்ணத்தை விண்ணிலிருந்து அளக்கும் கருவிகள் யாவும் இந்த நியாயத்தின்மீதே நிற்கின்றன; அவற்றை வந்தடையும் ஒளியிலே பத்தில் ஒன்பது பங்கு இடையிலுள்ள வாயுமண்டலத்தினால் சிதறியது என்பதால், அதைக் கணக்கிட்டுக் கழித்த பிறகே கடலின் செய்தி மிஞ்சும்.

ஆசிரியரும் மாணவரும்

இராமனிடம் பெங்களூரில் ஆராய்ச்சி செய்த இளைஞர்களுள் ஒருவர் கேரளத்துக் கொல்லங்கோட்டைச் சேர்ந்த பி.ஆர். பிஷாரடி. வானிலைத் துறையிலே புகுந்து, கொலாபா ஆய்வகத்தின் தலைமையை வகித்து, 1962-இல் புனேயில் தோன்றிய வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநராகவும் விளங்கியவர் அவர். அப்போது, பல தேசத்துக் கப்பல்களும் விமானங்களும் ஒன்றுகூடி இந்துமாக்கடலை ஆராய்ந்த சர்வதேசப் பயணத்திட்டம் நடந்துகொண்டிருந்தது. பம்பாயிலே அதற்கென்று ஒரு வானிலை மையம் 1963-இல் நிறுவப்பட்டது. இந்தியாவின் தென்மேற்குப் பருவமழைக்குரிய ஈரத்தில் அரபிக்கடலின் நீராவிக்கு எவ்வளவு பங்கு உண்டு என்பதை அந்தத் திட்டத்தில் கிடைத்த அளவைகளைக் கொண்டு ஆராய்ந்து, 1965-இல் பிஷாரடி கட்டுரை எழுதினார். நிலத்து மழையின் கணக்கைக் கடல்மேனியிலிருந்து தொடங்கவேண்டும் என்ற நோக்கு இதனால் இந்திய வானிலை ஆராய்ச்சியில் வலுப்பெற்றது.

விக்கிரம் சாராபாயின் அழைப்பை ஏற்று ஆமதாபாத்திற்குச் சென்ற பிஷாரடி, 1970-இல் கேரளத்துத் தென்னந்தோப்புகளின் மேலே ஹெலிகாப்டரைப் பறக்கவிட்டு, அகச்சிவப்புக்கு உணர்ச்சியுள்ள படச்சுருளில் வேர்வாடல் நோயுற்ற மரங்களைப் பிரித்துக் காட்டினார். தொலைவிலிருந்து ஒரு பொருளின் கதிர்வீச்சைக் கொண்டே அதன் நலத்தை அறியும் வித்தைக்கு இந்தியாவில் அதுவே பிள்ளையார் சுழி. தென்னையின் ஓலையில் செல்லுபடியான அந்த முறை கடலின் நீரிலும் செல்லுபடியாகும் என்பதில் அவருக்கும் அவருடைய சகாக்களுக்கும் சந்தேகம் இருக்கவில்லை. வேண்டியிருந்தது உயரமும் உபகரணமுமே.

நூற்றைந்து நாள் வாழ்ந்த சீசாட்

உயரம் மேனாட்டாருக்கு முன்பே கிட்டியிருந்தது. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி அமெரிக்கா ஏவிய டைராஸ்-1 என்ற செயற்கைக்கோள் மேகங்களின் படங்களை முதன்முதலாக அனுப்பிற்று. ஆயினும் மேகத்தைப் பார்ப்பது வேறு, மேகத்தின் கீழே இருக்கும் கடலைப் பார்ப்பது வேறு. டைராஸ் பறந்து நாலேமுக்கால் ஆண்டுக்குப் பின்பு, 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு, தனுஷ்கோடியைப் புயல் அழித்து, ரயில் வண்டியொன்றைப் பிரயாணிகளோடு கடலுக்கு இரையாக்கியதை நினைத்துப் பார்த்தால், படம் எடுக்கும் சக்திக்கும் உயிரைக் காக்கும் சக்திக்கும் இடையே எவ்வளவு தூரம் இருந்தது என்பது விளங்கும்.

கடலுக்கென்றே அமைந்த முதல் செயற்கைக்கோள் 1978 ஜூன் மாத இறுதியில் நாசா அனுப்பிய சீசாட். கடலின் மட்டத்தை அளக்கும் உயரமானி, காற்றை அளக்கும் சிதறல்மானி, உஷ்ணத்தை அறியும் நுண்ணலைக் கதிர்வீச்சுமானி, இருளிலும் மேகத்திலும் ஊடுருவிப் படமெடுக்கும் ரேடார் என்று, இன்றைக்குள்ள சாதனங்களில் பெரும்பாலானவற்றின் மூதாதைகளை அது ஒருசேரச் சுமந்து சென்றது. மின்னோட்டக் கோளாறினால் அக்டோபரில் அது மௌனமாகி விட்டது. வாழ்ந்தது 105 நாட்கள்தாம். ஆனால் அந்த நூற்றைந்து நாட்களில் அது கொடுத்த அளவைகளைக் கொண்டே பின்வந்தவர்கள் பல ஆண்டுகள் ஆராய்ச்சி நடத்தினார்கள் என்றால், கடலின் முழுமேனியையும் ஒருசேரக் காண்பது எத்தகைய புதுமையாக இருந்தது என்று ஊகித்துக்கொள்ளலாம்.

விண்ணின் பார்வை பிசகுவதும் உண்டு. 1982-ஆம் ஆண்டு மெக்ஸிகோவில் எல் சிச்சோன் என்ற எரிமலை வெடித்து, கந்தகத் துகள்களை மேல்வாயுமண்டலத்தில் பரப்பிற்று. அகச்சிவப்புக் கதிர்களைக் கொண்டு கடலின் உஷ்ணத்தைக் கணக்கிட்ட செயற்கைக்கோள்கள், அந்தத் துகள்களின் ஊடே பார்த்ததனால், பசிபிக் கடலை உண்மையில் இருந்ததைவிடக் குளிர்ந்ததாகக் காட்டின. அதே சமயத்தில் அங்கே, கடல்நீர் வழக்கத்தைவிட மிகுதியாக வெதும்பும் எல் நினோ என்னும் நிகழ்ச்சிகளில், அந்த நூற்றாண்டின் மிகக் கடுமையானவற்றுள் ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது. நிபுணர்கள் அதை உணர்ந்தபோது அது வெகு தூரம் முற்றியிருந்தது. நீரிலே மிதந்து உஷ்ணத்தை நேராக அளக்கும் மிதவைகளைப் பசிபிக் எங்கும் நிறுத்தவேண்டும் என்ற தீர்மானம் அதன் பின்னரே பிறந்தது. இந்தியாவிலும் பிற்காலத்தில், சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் வங்கக்கடலிலும் அரபிக்கடலிலும் மிதவைகளை நிறுத்தியதும், லட்சத்தீவின் கவரத்தியில் செயற்கைக்கோளின் அளவைகளைச் சரிபார்க்கும் நிலையம் அமைந்ததும் இந்த நியாயத்தை ஒட்டியே.

பாஸ்கரா முதல் ஓஷன்சாட் வரை

நம் நாட்டின் முதல் முயற்சி பாஸ்கரா-1. 1979 ஜூன் 7-ஆம் தேதி சோவியத் ரஷ்யாவின் ஏவுதளத்திலிருந்து புறப்பட்ட அந்தச் செயற்கைக்கோளில், பூமியைப் படமெடுக்கும் கேமராக்களோடு, சமீர் என்னும் நுண்ணலைக் கதிர்வீச்சுமானியும் இருந்தது. எந்தப் பொருளும் தன் உஷ்ணத்துக்கு ஏற்ப நுண்ணலைகளை வெளியிடுகிறது. கடலின் மேற்பரப்பு கொந்தளிக்கும்போதும், அதன்மேல் நீராவி அடர்ந்து நிற்கும்போதும் அந்த அலைகளின் வலிமை மாறுகிறது. அந்த மாறுதலை அளந்து, கடலின் கொந்தளிப்பையும் காற்றிலுள்ள ஈரத்தையும் சமீர் கணக்கிட்டது. சொந்தமாகச் செயற்கைக்கோளை ஏவும் ராக்கெட் இன்னும் கைகூடாத காலத்தில், மேகத்தை ஊடுருவும் நுண்ணலைக் கருவியை நம்மவர் செய்து அனுப்பினார்கள் என்பது சாமானியமான விஷயமன்று. 1981 நவம்பரில் பாஸ்கரா-2 சென்றது; 1983 ஆகஸ்டில் ஏவப்பட்ட இன்சாட்-1பி, பூமத்தியரேகைக்கு மேலே ஒரே இடத்தில் நின்றவாறு இந்துமாக்கடலின் மேகங்களை ஓயாமல் காட்டத் தொடங்கிற்று.

கடலுக்கென்றே தனியாக ஒரு செயற்கைக்கோள் வேண்டும் என்ற எண்ணம் நிறைவேறியது 1999 மே 26-ஆம் தேதி. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி2 ராக்கெட், கொரியாவினதும் ஜெர்மனியினதுமான இரண்டு சிறு செயற்கைக்கோள்களோடு, 1,050 கிலோ எடையுள்ள ஓஷன்சாட்-1 என்பதையும் 720 கிலோமீட்டர் உயரத்தில் நிலைநிறுத்தியது. அதன் வர்ணமானி எட்டு வகை நிறங்களில் கடலைப் பார்த்து, 1,420 கிலோமீட்டர் அகலமுள்ள பட்டையை ஒரே வீச்சில் படம்பிடித்து, இரண்டு நாட்களுக்கு ஒருமுறை அதே இடத்திற்குத் திரும்பி வந்தது. எழுபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் பட்டகத்தோடு கப்பல் தளத்தில் நின்ற இராமனின் கேள்வி, இவ்வாறு ஒரு தேசத்தின் அன்றாட உபயோகத்துக்கு வந்து சேர்ந்தது.

உபயோகம் என்று சொன்னது மீனவரை உத்தேசித்து. பச்சையம் மிகுந்த நீரும் பச்சையம் அற்ற நீரும், குளிர்ந்த நீரும் வெதும்பிய நீரும் ஒன்றையொன்று சந்திக்கும் எல்லைகளில் மீன் கூட்டம் சேருவது இயல்பு. அவ்வெல்லைகளைச் செயற்கைக்கோளின் படங்களிலிருந்து கண்டு, இந்த மீன்பிடித் துறையிலிருந்து இந்தத் திசையில், இத்தனை கிலோமீட்டரில், இத்தனை ஆழத்தில் மீன் இருக்கக்கூடும் என்று அறிவிப்பதை, ஹைதராபாத்தில் 1999-இல் தோன்றிய இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையம் தன் முதன்மையான தொண்டாக ஏற்றுக்கொண்டது. தமிழிலும் பிற கரையோர பாஷைகளிலும் இவ்வறிவிப்பு வருகிறது. வாடையும் கச்சானும் சோழகமும் கொண்டலும் வீசும் பருவத்தையும், நீவாடு என்னும் நீரோட்டம் இழுக்கும் திசையையும் பரம்பரையாகக் கைக்கொண்ட மீனவர்கள், இந்தப் புதிய செய்தியைத் தங்கள் அனுபவத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்தே ஏற்கிறார்கள், அதுதான் முறையும்கூட. மேகம் மூடிய நாட்களில் வர்ணமானிக்குக் கடல் தெரியாது என்பதால், அறிவிப்பும் அன்று இல்லை.

காற்றின் கையெழுத்து

2009 செப்டம்பர் 23-ஆம் தேதி சென்ற ஓஷன்சாட்-2, வர்ணமானியோடு ஒரு சிதறல்மானியையும் கொண்டிருந்தது. அதன் தத்துவம் எளிது. காற்றில்லாத கடல் நிலைக்கண்ணாடி போன்றது. சாய்வாக அதன்மீது விழும் ரேடார் அலை அப்பால் பாய்ந்துவிடுமே தவிர, அனுப்பிய இடத்துக்குத் திரும்பாது. காற்று வீசியதும், சில சென்டிமீட்டர் அளவே உள்ள சிற்றலைகள் பரப்பெங்கும் எழுகின்றன. அவை ரேடார் அலையில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகின்றன. திரும்பி வருவதன் வலிமையைக் கொண்டு காற்றின் வேகத்தையும், ஒரே இடத்தைப் பல கோணங்களிலிருந்து பார்ப்பதனால் அதன் திசையையும் கணக்கிடலாம். கப்பலும் இல்லாத, தீவும் இல்லாத நடுக்கடலில் ஒரு சுழல் பிறக்கும்போது, மேகங்கள் உருண்டு திரளுவதற்கு முன்பே அதன் காற்று வளைவதைக் காணும் வல்லமை இதனால் உண்டாயிற்று.

அதே ஆண்டு நவம்பரில், பத்தாண்டுகளாக உலகத்திற்குக் காற்றின் செய்தி தந்துகொண்டிருந்த அமெரிக்காவின் குவிக்ஸ்காட்டில் சுழலும் ஆன்டெனா நின்றுபோகவே, இரண்டு மாதங்களுக்கு முன்னர் மேலே சென்றிருந்த நம் செயற்கைக்கோளின் அளவைகளை ஐரோப்பாவும் அமெரிக்காவும் நாடின. 2012 அக்டோபரில் அமெரிக்காவின் கிழக்குக் கரையைத் தாக்கிய சாண்டி புயலின் காற்றை அது அளந்த படத்தை நாசாவே வெளியிட்டது. 2014 பிப்ரவரியில் அந்தச் சிதறல்மானி ஓய்ந்தது. 2016 செப்டம்பர் 26 அன்று ஸ்காட்சாட்-1 சென்ற வரையிலான இரண்டரை ஆண்டுகள் நம் சொந்தக் கருவி மேலே இல்லாமலே கழிந்தன. ஒரு கருவி பழுதாகும் முன்பே அடுத்ததை ஆயத்தம் செய்யவேண்டும் என்ற பாடத்தை அந்த இடைவெளி கற்பித்தது. 2022 நவம்பர் 26-ஆம் தேதி ஏவப்பட்ட ஓஷன்சாட்-3, பதின்மூன்று நிறங்களில் பார்க்கும் வர்ணமானியையும், கடலின் உஷ்ணத்தைப் பார்க்கும் கருவியையும், சிதறல்மானியையும் ஒருங்கே சுமந்து சென்றது.

உயரும் மட்டம்

கடலின் மட்டத்தை அளக்கும் வித்தை வேறு. செயற்கைக்கோள் ரேடார்த் துடிப்பொன்றை நேர்கீழே அனுப்பி, அது பரப்பில் பட்டுத் திரும்பும் காலத்தைக் கணக்கிடுகிறது. 1992 ஆகஸ்டில் அமெரிக்காவும் பிரான்சும் சேர்ந்து ஏவிய டோபெக்ஸ்-போஸைடான், ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான உயரத்திலிருந்து கடல்மட்டத்தைச் சில சென்டிமீட்டர் பிழைக்குள் அளந்து காட்டியது. இந்தியாவும் பிரான்சும் கூட்டாக அமைத்த சரள், 2013 பிப்ரவரி 25 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்றது. இந்த வரிசையிலுள்ள செயற்கைக்கோள்களின் கணக்குப்படி, 1993 முதல் முப்பது ஆண்டுகளில் உலகக் கடல்களின் சராசரி மட்டம் சுமார் 10 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுமத்ராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம் சென்றபின், ஜேசன்-1 என்ற செயற்கைக்கோள் தற்செயலாக வங்கக்கடலின் மேலே சென்றது. ஆழ்கடலில் சுமார் 60 சென்டிமீட்டரே உயர்ந்திருந்த ஆழிப்பேரலையை அதன் உயரமானி பதிவு செய்தது. ஆனால் அந்தப் பதிவு பூமிக்கு வந்து ஆராயப்பட்டபோது, தமிழ்நாட்டுக் கரையில் சுமார் 8,000 உயிர்கள் போய்விட்டிருந்தன. கண்டது காலத்தில் சொல்லப்படாவிட்டால் கண்டதனால் பயனில்லை என்பதற்கு இதைவிடக் கொடிய சாட்சி வேண்டியதில்லை. ஹைதராபாத்து மையத்தில் 2007 அக்டோபரில் ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையம் திறக்கப்பட்டது இதன் பயனாகவே.

மட்டத்தைக் கொண்டு உஷ்ணத்தையும் ஊகிக்கலாம். வெப்பமுற்ற நீர் விரிவடைவதால், கடல் மேடிட்டிருக்கும் இடத்திலே பரப்பின் கீழும் வெதும்பிய நீர் ஆழமாக நிற்கிறது. அத்தகைய இடத்தைக் கடக்கும் புயலுக்கு ஆகாரம் குறைவதில்லை. வங்கக்கடலுக்கு இதில் ஒரு தனிக் குணம் உண்டு. கங்கையும் பிரம்மபுத்திராவும் ஐராவதியும் கொண்டுவந்து கொட்டும் நன்னீர், உப்புநீரைவிட இலேசானதால் மேலே படலமாகப் பரந்து, கீழேயுள்ள குளிர்ந்த நீர் மேலெழுந்து கலவாமல் தடுக்கிறது. ஆகவே வருஷத்தின் பெரும்பகுதியில் இதன் மேற்பரப்பு 28 பாகைக்கும் மேலான உஷ்ணத்தோடே இருக்கிறது. புயல் பிறப்பதற்குச் சுமார் 26.5 பாகை போதும் என்பது நிபுணர் கணக்கு. 1951 முதல் 2015 வரையிலான காலத்தில் வெப்பமண்டல இந்துமாக்கடலின் மேற்பரப்பு சராசரியாக ஒரு பாகை சூடேறியிருக்கிறது என்று, 2020-இல் வெளியான மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் மதிப்பீடு கூறுகிறது. உலகக் கடல்களின் சராசரி ஏற்றமோ 0.7 பாகைதான்.

கண்டதும் காணாததும்

இவ்வளவு உபகரணங்களும் மேலே இருக்க, ஃபெங்கல் புயலில் அவை செய்தது என்ன? ஓஷன்சாட்-3-இன் சிதறல்மானியும், நிலைத்து நிற்கும் இன்சாட்-3டிஆரும், நவம்பர் 23-ஆம் தேதி தொடங்கியே அந்தத் தாழ்வழுத்தத்தைப் பின்தொடர்ந்தன என்று இஸ்ரோ அறிவித்தது. அதாவது, கரையைக் கடப்பதற்கு ஒரு வாரத்திற்கு முன்பே அதன் காற்று கணக்கிலே வந்துவிட்டது. தனுஷ்கோடியின் இரவோடு ஒப்பிட்டால், அறுபதாண்டு உழைப்பின் பலன் இது. ஆயினும் அது புயலாக வலுப்பெறாமலே கரையேறும் என்று இடையில் கணிக்கப்பட்டு, பின்னர் நவம்பர் 29 அன்று புயலாகவே வலுத்ததும், கரையேறியபின் நகராமல் நின்றதும், கடல்மேனியை அறிவதற்கும் அதிலிருந்து வருவதை முன்னுரைப்பதற்கும் இடையே இன்னும் தூரம் இருப்பதைக் காட்டின.

அதைவிட முக்கியமான வேறொரு குறை உண்டு. பரந்த கடலிலே காற்று எவ்விதம் வளைகிறது என்று சொல்லத் தெரிந்த நமக்கு, வ.உ.சி. நகருக்கு மேலே உள்ள சரிவில் மண் எவ்வளவு நீரைக் குடித்திருக்கிறது, எந்தப் பாறை எந்த நேரத்தில் அசையும் என்று சொல்லும் வழி அன்று கைவசம் இல்லை. 2025 ஜூலை 30-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற நிசார் என்ற இந்திய-அமெரிக்கச் செயற்கைக்கோள், பன்னிரண்டு நாட்களுக்கு ஒருமுறை அதே நிலத்தின்மேல் வந்து, சென்டிமீட்டர் கணக்கில் மண் நகர்ந்திருந்தாலும் காட்டக்கூடிய ரேடாரைக் கொண்டது. சீசாட் நூற்றைந்து நாளில் விதைத்த ரேடார் வித்தையின் வளர்ச்சி அது. ஆனால் மெல்ல நகரும் மண்ணைக் காட்டுமே ஒழிய, ஒரு நாள் மழையில் சட்டென்று இடியும் சரிவை அது முன்கூட்டிச் சொல்லாது. அதற்கு மலையிலேயே மழைமானிகளும், மண்ணின் ஈரத்தை அளக்கும் கருவிகளும், அவற்றை நாள்தோறும் பார்க்கும் மனிதரும், அபாயம் என்று சொன்னவுடன் ஜனங்களை அப்புறப்படுத்தும் ஏற்பாடும், எல்லாவற்றிற்கும் முன்பாகச் சரிவிலே வீடு கட்டாதிருக்கும் கட்டுப்பாடும் வேண்டும்.

கடலை அளக்க ஒரு தேசம் நாற்பத்தைந்து ஆண்டு பொறுமையோடு உழைத்திருக்கிறது. அந்த உழைப்பின் பயன் கரையோடு நின்றுவிடலாகாது. கார்த்திகைக்குக் கிரிவலம் வரும் லட்சக்கணக்கானவர்களும், அண்ணாமலையின் அடிவாரத்தில் குடியிருப்பவர்களும், வங்கக்கடலின் செய்தியைத் தங்கள் வீட்டுச் செய்தியாகக் கேட்கப் பழகவேண்டும்; நகராட்சியும் மாவட்ட நிர்வாகமும் அந்தச் செய்தியை மலைச்சரிவின் அளவைகளோடு பொருத்திப் பார்க்கும் நிபுணர்களை நிரந்தரமாக வைத்துக்கொள்ளவேண்டும். அடுத்த வடகிழக்குப் பருவத்துக்கு முன்பே இது நடந்தாக வேண்டும்.

(தொடரும்)